மேல்மலையில் மூன்று நாள் மௌனம்: மதுரையிலிருந்து புறப்படுவோருக்கு முழுமையான வழிகாட்டி

கொடைக்கானல் நகரைத் தாண்டி மேற்கே பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி என்று நீளும் ஊர்களைப் பொதுவாக மேல்மலை என்பார்கள். சில ஆண்டுகளாக மதுரையிலிருந்து நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களோடு அங்கே சென்று, பேச்சையும் கைப்பேசியையும் விட்டு மூன்று நாள் இருந்துவிட்டுத் திரும்புகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தியானத்தில் தடுமாறுகிறவர்கள் மிகக் குறைவு. குளிர், சாப்பாடு, பேருந்து, வீட்டிலிருந்து வரும் அழைப்பு ஆகிய நான்கில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். மதுரையிலேயே எடுத்து முடித்திருக்க வேண்டிய ஒரு முடிவை எடுக்காமல் ஏறினால், கண்ணை மூடி உட்கார்ந்ததும் அதுதான் முன்னால் வந்து நிற்கும். எனவே இந்த வழிகாட்டியின் பாதிக்கு மேற்பட்ட பகுதி மலையடிவாரத்துக்குக் கீழே நடக்க வேண்டியவற்றைப் பற்றியது. எந்த வழிபாட்டு முறையையும் இது பரிந்துரைக்கவில்லை; செபமோ, தியானமோ, வெறுமனே சும்மா இருத்தலோ, அது அவரவர் பாடு.

1. திரும்பும் நாளை முதலில் குறியுங்கள்

எல்லோரும் புறப்படும் நாளைத்தான் முதலில் குறிக்கிறார்கள். விடுப்பு இரண்டு நாள், அதனுடன் சனி ஞாயிறு என்று கணக்குப் போட்டு, புதன்கிழமை இரவு ஏறி, திங்கட்கிழமை காலை இறங்கியதும் நேராக அலுவலகம் போவதாகத் திட்டமிடுகிறார்கள். அப்படிச் செய்தால் மூன்றாம் நாள் பிற்பகலிலேயே மனம் இறங்கத் தொடங்கிவிடும்.

திங்கட்கிழமை ஏறி, செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் மௌனமாக இருந்து, வெள்ளிக்கிழமை இறங்குங்கள் என்பதே என் யோசனை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. வார இறுதிக் கூட்டம் ஞாயிறு மாலையே இறங்கிவிடுவதால் திங்களன்று மலைப்பாதை ஓய்ந்திருக்கும். வெள்ளியன்று கூட்டம் ஏறும்போது நாம் எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருப்போம். இறங்கிய பின் வீட்டில் சனி, ஞாயிறு என்று இரண்டு நாள் கையில் இருக்கும் என்பது இரண்டாவது காரணம். அந்த இரண்டு நாளின் அருமை வியாழக்கிழமை மாலை தெரியும்.

முதல்முறை செல்பவருக்கு மூன்று மௌன நாட்கள் போதும். ஒரு நாள் என்றால் உடல் குளிருக்குப் பழகுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஏழு நாள் என்று துணிந்து வந்தவர்களில் பலர் நான்காம் நாளில் ஏதேனும் காரணம் சொல்லிக் கிளம்பியதைப் பார்த்திருக்கிறேன்.

2. மாதத்தைத் தேர்ந்தெடுத்தல்

தை மாதப் பின்பாதியிலிருந்து மாசி முடிய, அதாவது ஜனவரி இறுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரையுள்ள வாரநாட்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. மழை குறைவு, பாதை உலர்ந்திருக்கும், பள்ளி விடுமுறை கிடையாது. இரவுக் குளிர் கடுமைதான். அதற்கு ஆடையால் தீர்வு உண்டு. மூன்று நாள் விடாமல் பெய்யும் மழைக்குத் தீர்வு கிடையாது.

சித்திரை, வைகாசியைத் தவிர்த்துவிடுங்கள். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கி முடிந்த கையோடு பாதி ஊர் கொடைக்கானலுக்குக் கிளம்பும். மே மாதத்தில் மலர்க் கண்காட்சியும் கோடை விழாவும் நடக்கும். நகரைக் கடப்பதற்கே மணிக்கணக்கில் ஆகும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலையை உலுக்கிவிடும். 2018 நவம்பரில் கஜா புயல் கடந்தபோது மரங்கள் விழுந்து கொடைக்கானல் பாதைகள் துண்டிக்கப்பட்டதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை முதல் செப்டம்பர் வரை சாரலும் மூடுபனியுமாக இருந்தாலும் வாரநாட்களில் அமைதி கிடைக்கும். இரண்டாவது, மூன்றாவது முறை வருபவர்கள் அந்த மாதங்களை முயன்று பார்க்கலாம்.

நாளை உறுதிசெய்வதற்கு முன் தங்கவிருக்கும் ஊரில் கோயில் திருவிழா ஏதேனும் உண்டா என்று கேட்டுவிடுங்கள். பக்தி தேடிப் போகிறவருக்குத் திருவிழா நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கூம்பு ஒலிபெருக்கி விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்துகொண்டால் அந்த மூன்று நாளும் மௌனத்தில் சேராது.

3. தங்குமிடம்: தொலைபேசியில் கேட்க வேண்டியவை

இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, ஏற்கெனவே நெறிமுறையோடு நடக்கும் மையங்கள். கொடைக்கானல் நகருக்கு முன்பே வரும் பெருமாள்மலையில், ஏசு சபைக் குருவும் ஜென் ஆசிரியருமான அமா சாமி 1996-இல் தொடங்கிய போதி ஜெண்டோ இவற்றில் ஒன்று. இத்தகைய இடங்களில் எழும் நேரம், அமரும் நேரம், உண்ணும் நேரம் எல்லாம் வகுக்கப்பட்டிருக்கும். நீங்கள் அதற்குள் அடங்கிக்கொண்டால் போதும். முன்கூட்டியே எழுதிக் கேட்டு, அவர்கள் இசைவு தெரிவித்த பிறகே புறப்பட வேண்டும். ஒருமுறைகூட நாள் முழுக்க மௌனமாக இருந்து பழகாதவர் முதலில் இவ்வாறான இடத்துக்குச் செல்வதே நல்லது என்பது என் கருத்து.

இரண்டாவது வழி, மேல்மலை ஊர்களில் ஒரு வீட்டையோ இரண்டு அறைகளையோ எடுத்து நாமே நாளை வகுத்துக்கொள்வது. இதில்தான் தவறு அதிகம் நேர்கிறது. படத்தில் பள்ளத்தாக்கு எப்படித் தெரிகிறது என்று பார்த்து முன்பணம் கட்டிவிடுகிறார்கள். பள்ளத்தாக்கு எப்படியும் பாதி நேரம் மூடுபனிக்குள்தான் இருக்கும். பார்க்க வேண்டியது, சமைத்துத் தருபவர் யார், அவர் அந்த வளாகத்திலேயே இருக்கிறாரா என்பதைத்தான்.

முன்பணம் அனுப்புவதற்கு முன் தொலைபேசியில் அழைத்து முதலில் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: "அங்க கேம்ப் ஃபயர் உண்டா?" மறுமுனையிலிருந்து "உண்டு சார், மியூசிக் சிஸ்டமும் இருக்கு" என்று உற்சாகமாகப் பதில் வந்தால், நன்றி சொல்லி வைத்துவிடுங்கள். நமக்கு நெருப்பு மூட்டாவிட்டாலும் பக்கத்து அறைக்காரருக்கு மூட்டுவார்கள்.

அடுத்து, வெந்நீர் எத்தனை மணிக்குக் கிடைக்கும் என்று கேளுங்கள். மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். காற்றடித்தாலே மேல்மலையில் மின்சாரம் போவது உண்டு. கழிவறை அறைக்குள்ளேயே இருக்கிறதா அல்லது இரவில் வெளியே நடக்க வேண்டுமா என்பதும் முக்கியம். இதற்கான காரணத்தை ஒன்பதாம் பகுதியில் சொல்கிறேன். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீடு எத்தனை தூரம், ஏற்றமா இறக்கமா என்று கேட்கும்போது "பக்கம்தான்" என்ற பதிலை ஏற்காதீர்கள். பெட்டியோடு நடக்க எத்தனை நிமிடம் என்று கேளுங்கள். மலைக்காரர் பத்து நிமிடம் என்றால் நமக்கு அரை மணி.

உணவைப் பற்றி இன்னொன்று. பூண்டு, வெங்காயம் விலக்கி உண்பவராக இருந்தால் அதை முன்பதிவின்போதே சொல்லிவிடுங்கள். இந்த மலையில் விளையும் பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பூம்பாறையில் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் அதன் வாசனைதான் வரவேற்கும். கேட்காவிட்டால் ரசம், துவையல், பருப்பு எல்லாவற்றிலும் அது இருக்கும். குழுவில் ஒருவர் இதைச் சொல்லாமல் வந்து, மௌனம் தொடங்கிவிட்டதால் வாய் திறந்து சொல்லவும் மாட்டாமல், ஒன்றரை நாள் வெறும் தயிர்ச்சோறு தின்றார்.

சமூக ஊடகத்தில் "ஆன்மிக அனுபவம்" என்ற பெயரில் போதைக் காளான் தருவதாக அழைக்கும் இடங்களின் பக்கமே போகாதீர்கள். அந்தப் போதைப்பொருள் 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது, வாங்கியவரும் குற்றவாளியே.

4. வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் சொல்லும் முறை

"மூன்று நாள் போன் எடுக்க மாட்டேன்" என்று புறப்படும் காலையில் சொல்வது வீட்டாரைக் கலக்கும். ஒரு வாரம் முன்பே சொல்ல வேண்டும். சொல்லும்போது, அவசரம் என்றால் யாரை அழைப்பது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தங்குமிடத்தில் சமைப்பவரின் எண், குழுவில் பொறுப்பாளரின் எண் ஆகிய இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டு வாருங்கள். கைப்பேசியில் அனுப்பினால் அது பிற செய்திகளுக்கு அடியில் போய்விடும்.

எது அவசரம் என்பதையும் வரையறுத்துக்கொள்ளுங்கள். என் முதல் பயணத்தில் இரண்டாம் நாள் காலை, சமைக்கும் அக்கா மூச்சிரைக்க மேடேறி வந்து, "அண்ணே, வீட்டுலருந்து போன், உடனே பேசணுமாம்" என்றார். நெஞ்சு படபடக்க ஓடிப் போய் எடுத்தால், எரிவாயு உருளை வந்திருக்கிறது, புத்தகம் எங்கே என்ற கேள்வி. அந்தத் தவறு வீட்டாருடையதன்று, என்னுடையது. அதன் பிறகு புறப்படுவதற்கு முதல் நாள் மின்கட்டணம், எரிவாயு, பால் கணக்கு, சாவிகள், பிள்ளைகளின் கட்டணத் தேதி ஆகிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி முடித்துவிட்டுத்தான் ஏறுகிறேன்.

வயதான பெற்றோர் வீட்டில் இருந்தால் முழு மௌனம் வேண்டாம். இரவு ஏழு மணிக்குக் குழுப் பொறுப்பாளர் ஒரே ஒரு செய்தி பார்த்து, கவலைப்பட ஏதுமில்லை என்றால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போகட்டும். அந்த ஒரு சைகை மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் காப்பாற்றும்.

5. இரண்டு வாரத்துக்கு முன்பே உடலைப் பழக்குதல்

காபியில் தொடங்குங்கள். நாளுக்கு நான்கைந்து டம்ளர் பில்டர் காபி குடிக்கும் மதுரைக்காரர், மலையில் காலையில் மட்டும் ஒரு காபி கிடைக்கும் நிலைக்கு வந்ததும் இரண்டாம் நாள் தலைவலியால் படுத்துவிடுகிறார். மலையுயரத்தால் வந்த தலைவலி என்று எல்லோரும் சொல்வார்கள். கொடைக்கானல் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. உயர நோய் பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். இந்தத் தலைவலிக்குக் காரணம் பெரும்பாலும் நின்றுபோன காபியும் குடிக்காத தண்ணீரும்தான். புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பிருந்து, இரண்டு நாளுக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்து வாருங்கள்.

அடுத்தது முழங்கால். வீட்டில் நாற்காலியிலேயே அமர்ந்து பழகியவர் அங்கே போய்த் தரையில் நாளுக்கு நான்கு மணி நேரம் சம்மணமிட்டால் முதல் நாளே கால் மரத்துவிடும். இரண்டு வாரம் தினமும் இருபது நிமிடமாவது தரையில் அமர்ந்து பழகுங்கள். முடியாதவர் நாற்காலியில் அமரலாம். அதில் இழுக்கு ஒன்றுமில்லை. ஆனால் நாற்காலி வேண்டும் என்பதை முன்பதிவின்போதே சொல்லியிருக்க வேண்டும்.

இரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டபின் வரவேண்டும். மனச்சோர்வுக்கோ தூக்கமின்மைக்கோ சிகிச்சை பெறுபவர்களும் கட்டாயம் கேட்டாக வேண்டும். நீண்ட மௌனம் எல்லோரையும் அமைதிப்படுத்துவதில்லை. சிலரிடம் அடக்கிவைத்த கலக்கத்தை வெளியே கொண்டுவந்துவிடும். மாத்திரைகளை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாமல், தேவையைவிட நான்கு நாளுக்கு அதிகமாகவே எடுத்துவாருங்கள். மேல்மலையிலிருந்து பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டுமானால் கொடைக்கானல் நகருக்குத்தான் வர வேண்டும். பாதை வளைவுகள் நிறைந்தது.

6. மூட்டை கட்டுதல்

ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை பாகை குறையும் என்பது பொதுக் கணக்கு. மதுரைக்கும் மேல்மலைக்கும் இடையே இரண்டாயிரம் மீட்டர் இருப்பதால், புறப்படும்போது வியர்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அங்கே பதின்மூன்று பாகை குறைவாக இருக்கும். தை மாத இரவுகளில் புல்வெளிகளில் உறைபனி படிவதுண்டு. இதைக் கேட்டதும் புதியவர்கள் தடித்த ஜெர்கின் ஒன்றை மட்டும் வாங்கி வந்துவிடுகிறார்கள். நடக்கும்போது அது வேர்க்கிறது. அசையாமல் உட்காரும்போது போதவில்லை.

மெல்லிய உடைகளை அடுக்கி அணிவதே சரி. உள்ளே ஒரு பனியன், மேலே முழுக்கைச் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேல் கழற்றிப் போட எளிதான ஒரு சால்வை. காதை மூடும் குல்லாவும் மூன்று இணை காலுறைகளும் கட்டாயம். குளிர் காலிலும் காதிலும்தான் நுழைகிறது. பருத்திக் காலுறை நனைந்தால் ஒரு நாளில் காயாது என்பதால் ஓர் இணையாவது கம்பளியாக இருக்கட்டும். தரை சில்லென்றிருக்கும், உட்கார, நான்காக மடித்த பழைய ஜமுக்காளம் போதும். நான் அதன்கீழ் ஒரு கோணிப்பையை விரித்துக்கொள்கிறேன், ஈரம் ஏறுவதில்லை.

தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில் எடுங்கள். கொடைக்கானலில் ஐந்து லிட்டருக்கும் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை உள்ளது. கொண்டுசென்றால் பாட்டில் ஒன்றுக்கு 20 ரூபாய் பசுமை வரி கட்ட வேண்டியிருக்கும். அரை லிட்டர் ஃப்ளாஸ்க் ஒன்றும் வேண்டும். இரவில் வெந்நீர் நிரப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் விடியற்காலையில் யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. குளிரில் தாகம் தெரியாது; தெரியாததால் குடிக்க மாட்டோம்; குடிக்காததால் மலச்சிக்கலும் தலைவலியும் வரும். ஃப்ளாஸ்க் இந்த மூன்றுக்கும் மருந்து.

டார்ச் விளக்கு, சாதாரண அலாரக் கடிகாரம், ஒரு நோட்டு, பேனா. கடிகாரத்தை மறந்தவர்கள் நேரம் பார்ப்பதற்கென்று கைப்பேசியைக் கையில் எடுத்து, அரை மணி நேரம் கழித்தே கீழே வைக்கிறார்கள். ரொக்கம் வேண்டும், அலைபேசிச் சமிக்ஞை இல்லாத இடத்தில் எண்ணியல் பணமும் இல்லை. பத்து, ஐம்பது, நூறு ரூபாய்த் தாள்களாக வைத்திருங்கள்.

நாமே சமைப்பது என்றால் குக்கர் அவசியம். அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 93 பாகையிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக மறுக்கும். ஆனாலும் முதல்முறை செல்பவர்கள் சமைக்க வேண்டாம். காய் நறுக்கும்போதே பேச்சு தொடங்கிவிடும்.

7. இ-பாஸும் பாதையும்

சொந்த வாகனமோ வாடகை வாகனமோ எடுத்துச் சென்றால் இ-பாஸ் வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 2024 மே 7 முதல் இது நடைமுறையில் உள்ளது, கட்டணம் இல்லை. வாகன எண், பயணிகள் எண்ணிக்கை, நாட்கள், தங்குமிடம் ஆகியவற்றைக் கேட்பார்கள் என்பதால், தங்குமிடம் முடிவான பிறகே விண்ணப்பிக்க முடியும். 2025 ஏப்ரலிலிருந்து கோடைக் காலத்துக்கு வாரநாட்களில் 4,000, வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று நீதிமன்றம் வரம்பு வைத்தது. பாஸை அச்சிட்டோ படமாகச் சேமித்தோ வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் நின்று இணையம் தேடக் கூடாது.

அரசுப் பேருந்தில் போனால் இ-பாஸ் தேவையில்லை. நான் பேருந்தையே விரும்புகிறேன். வாகனம் ஓட்டி இறங்கியவருக்கு அன்று இரவு முழுதும் கண்ணை மூடினால் வளைவுகள்தான் தெரியும். ஆரப்பாளையத்தில் ஏறினால் வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு வழியாகக் கொடைக்கானல் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். நான்கு மணி நேரம் பிடிக்கும். காலை ஏழு மணிக்குள் ஏறிவிடுங்கள். காரணம், கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து மேல்மலைக்குச் செல்லும் பேருந்துகள் சிலவே. பிற்பகல் பேருந்தைத் தவறவிட்டால் இருட்டும் மூடுபனியும் சேர்ந்த நேரத்தில் வாடகைக் காருக்குப் பேரம் பேச வேண்டியிருக்கும். இறங்கியதும் திரும்பும் நாளுக்கான பேருந்து நேரத்தையும் அங்கேயே கேட்டு நோட்டில் எழுதிவிடுங்கள்.

வத்தலக்குண்டுவில் வயிறு நிறையச் சாப்பிடுவது பெரிய தவறு. அங்கே பரோட்டாவும் சால்னாவும் முடித்தவர் பாதி மலை ஏறுவதற்குள் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியிருப்பார். இரண்டு இட்லி போதும். பேருந்தின் முன்பகுதியில் அமர்ந்து, தொலைவில் பார்வையை வைத்திருங்கள். கைப்பேசியைக் குனிந்து பார்ப்பதே வாந்திக்கு முதல் காரணம்.

8. ஏறிய நாள்

போய்ச் சேர்ந்த அன்று தியானத்தைத் தொடங்க வேண்டாம். உடல் இன்னும் பேருந்தில்தான் இருக்கும். அன்று மாலை செய்ய வேண்டியவை இவ்வளவுதான்: அறையைப் பார்த்துப் போர்வைகளை எண்ணி, குறைந்தால் வெளிச்சம் இருக்கும்போதே கேட்டு வாங்குவது, கழிவறைக்கும் அமரும் இடத்துக்கும் ஒருமுறை நடந்து பார்ப்பது, சமைப்பவரிடம் பேசுவது.

மூன்றாவதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். சொல்லாமல் மௌனத்தில் இறங்கினால், "சாப்பாடு பிடிக்கலையோ, கோவமோ" என்று அவர்கள் தவிப்பார்கள். நாங்கள் மூன்று நாள் பேச மாட்டோம், சாப்பாடு இந்த மூன்று நேரத்துக்கு வேண்டும், ஏதேனும் தேவையென்றால் எழுதிக் காட்டுவோம் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒருமுறை ஓர் அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரிண்ணே, நீங்க பேச வேணாம், நான் பேசலாம்ல?" என்றார். பேசினார், மூன்று நாளும் பேசினார். எங்கள் மௌனம் அதனால் கெட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

இரவுச் சாப்பாடு முடிந்ததும் கைப்பேசிகளை அணைத்து ஒரே பையில் போட்டுப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். விமானப் பயன்முறை போதும் என்பவர்கள் ஒளிப்படம் எடுக்கத் தொடங்கி, அதைப் பிறருக்குக் காட்டத் தொடங்கி, மறுநாள் மதியமே பேச்சில் முடிப்பார்கள்.

குளிருக்காக எவர் கரியடுப்போ நெருப்புச் சட்டியோ அறைக்குள் கொண்டுவந்தாலும் மறுத்துவிடுங்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு மணமில்லை, உறங்குகிறவர் எழுவதில்லை. எரிவாயுவில் இயங்கும் வெந்நீர்க் கருவி குளியலறைக்குள் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்தே குளியுங்கள்.

9. மௌன நாட்கள்

நேர அட்டவணையை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். நாங்கள் பின்பற்றுவது: ஐந்தரைக்கு எழுதல், ஆறு முதல் ஏழு வரை அமர்தல், எட்டு மணிக்குக் காலை உணவு, ஒன்பதரை முதல் பன்னிரண்டு வரை இருபத்தைந்து நிமிடம் அமர்தலும் பத்து நிமிடம் மெல்ல நடத்தலுமாக மாறி மாறி, பன்னிரண்டரைக்கு மதிய உணவு, இரண்டு மணி வரை ஓய்வு, இரண்டு முதல் மூன்று வரை முற்றம் பெருக்குதல், பாத்திரம் துலக்குதல் போன்ற வேலை, நான்கு முதல் ஆறு வரை மீண்டும் அமர்தல், ஏழுக்குக் கஞ்சியோ ரசம் சோறோ, எட்டரைக்குப் படுக்கை. இந்த நேரங்கள் புனிதமானவை அல்ல. ஆனால் எழுதி ஒட்டியதை மூன்று நாளும் மாற்றக் கூடாது. மாற்றலாம் என்றால் அடுத்து என்ன செய்வது என்ற ஆலோசனையிலேயே நாள் போய்விடும்.

உடல் வேலைக்கான அந்த ஒரு மணி நேரத்தை நீக்கிவிடாதீர்கள். மதிய உணவுக்குப் பின் வரும் உறக்கத்தை அது ஒன்றே விரட்டும். குளிர்ந்த நீரில் பாத்திரம் துலக்கும்போது விரல் நுனிகள் சிவந்து, பிறகு மெல்ல உணர்விழந்து, வெயிலில் நீட்டியதும் குத்துவதுபோல் உயிர் திரும்புவதைக் கவனித்துக்கொண்டிருந்தால், மனம் வேறெங்கும் போகாது.

இரண்டாம் நாள் பிற்பகல் எல்லோருக்கும் கடினமானது. முதல் நாளின் புதுமை தீர்ந்திருக்கும், முடிவு தொலைவில் இருக்கும். புத்தகம் வாசிக்கத் தோன்றும், பேருந்து நேரத்தைப் பார்க்கத் தோன்றும், வந்ததே தவறு என்று தோன்றும். அந்த நேரத்தில் எந்த முடிவையும் எடுக்காமல், தோன்றியதை நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு மறுநாள் காலை வரை தள்ளிப்போடுங்கள். உறக்கமின்மை, அழுகை, நெஞ்சுப் படபடப்பு என்று எல்லை மீறினால் மட்டும் மௌனத்தை உடைத்துப் பொறுப்பாளரிடம் பேசுங்கள், தேவையென்றால் இறங்கிவிடுங்கள். மலை அங்கேயேதான் இருக்கும்.

விடியற்காலையில் தனியாக நடக்கப் போகக் கூடாது. காட்டுமாடுகள் கொடைக்கானல் நகரத் தெருக்களிலேயே உலவுகின்றன. மேல்மலைத் தோட்டங்களில் கேட்கவே வேண்டாம். முழுவளர்ச்சி பெற்ற ஆண் மாடு ஆயிரம் கிலோவை நெருங்கும். மூடுபனியில் பத்தடி அருகில் போகும்வரை கரும்பாறை என்றே எண்ணியிருப்போம். ஒருமுறை நான் அப்படி எண்ணியிருந்த பாறை காதை அசைத்தது. கண்டால் கத்தாமல், ஓடாமல், அதன் வழியை விட்டுப் பின்னோக்கி மெல்ல நகருங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். கழிவறை அறைக்குள் வேண்டும் என்று முன்பு சொன்னதற்கும் இதுவே காரணம். நடப்பதென்றால் வெயில் ஏறி, தோட்டத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கிய பிறகு, ஊர்ப்பாதையிலேயே நடங்கள். காட்டுக்குள் இறங்க வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஊர் வழக்கங்களையும் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வட்டக்கானலுக்குக் கீழே உள்ள வெள்ளகவியில், ஊரையே கோயிலாகக் கருதி, ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை. பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலுக்குப் போவதாக இருந்தால் மௌன நாட்களில் போகாமல், இறங்கும் நாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோயிலில் யாரேனும் "எந்த ஊரு?" என்று கேட்பார்கள், பதில் சொல்லாமல் நிற்பது மரியாதையாக இராது.

10. இறங்கும் நாள்

மௌனத்தை வெள்ளிக்கிழமை காலை உணவின்போது முடியுங்கள். முதலில் சமைத்தவருக்கு நன்றி சொல்லி, கணக்கை ரொக்கமாக முடித்து, அவருக்கென்று தனியாக ஒரு தொகையையும் கொடுங்கள். குழுவில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்குவார்கள். அரை மணி நேரத்தில் தொண்டை கட்டிவிடும்.

கைப்பேசியை இயக்கியதும் வீட்டுக்கு ஒரு அழைப்பு, அவ்வளவுதான். அலுவலகச் செய்திகளைப் பேருந்தில் திறக்காதீர்கள். வாந்தி எடுக்க அது இன்னொரு வழி. கொடைக்கானலில் நண்பகலுக்கு முன் பேருந்து ஏறினால் மாலைக்குள் ஆரப்பாளையம் வந்துவிடலாம். வத்தலக்குண்டு நெருங்கும்போது ஸ்வெட்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு நாள் குளிருக்குப் பழகிய உடலுக்கு அந்த வெக்கை சட்டென்று தலைசுற்றலைக் கொடுக்கும். அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க வேண்டும்.

இரண்டு சக்கர வாகனத்தை ஆரப்பாளையத்தில் நிறுத்திவிட்டு வந்தவர்கள் அன்று ஆட்டோவில் வீடு போய்விட்டு, மறுநாள் வந்து எடுத்துக்கொள்வது நல்லது. கவனம் கூர்மையாகத்தான் இருக்கும். ஆனால் மதுரைச் சாலை கேட்கும் வேகத்தில் இருக்காது. கம்பளி உடைகளையும் ஜமுக்காளத்தையும் மொட்டைமாடியில் ஒரு நாள் முழு வெயிலில் காயவைத்தபின் அலமாரியில் வையுங்கள். மலை ஈரத்தோடு மடித்து வைத்தால் அடுத்த தை மாதத்தில் பூஞ்சை மணத்தோடுதான் எடுப்பீர்கள்.